வெள்ளிக்கிழமைச் சீட்டு

நவம்பர் 3. காலை சவரம் செய்யும்போது, இடப்பக்கத் தாடைக்குக் கீழே இரண்டு தடிப்புகள் விரலில் பட்டன. ஒன்று புளியங்கொட்டை அளவு, மற்றது சிறியது. அழுத்தினால் வலி இல்லை.

நவம்பர் 5. வழக்கமாகப் பார்க்கும் மருத்துவர், நெறி கட்டியிருக்கிறது என்றார். ஒரு வாரத்துக்கு மாத்திரை.

நவம்பர் 12. குறையவில்லை. அக்குளிலும் ஒன்று இருப்பது ஸ்கேனில் தெரிந்தது.

நவம்பர் 14. கழுத்து நெறி ஒன்றை வெட்டியெடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நான்கு தையல். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்றார்கள்.

நவம்பர் 24. பிற்பகல் மூன்று மணிக்கு ஆய்வகத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள். முடிவு வந்துவிட்டது, மருத்துவர் நேரில் பேச விரும்புகிறார், துணைக்கு யாரையாவது அழைத்து வாருங்கள் என்றாள். மாலை ஏழு மணிக்கு அக்காவின் மகள் அழைத்து, முடிவு வந்ததா என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன்.

நவம்பர் 28. இன்று வரை போகவில்லை.

மேலே இருப்பவை நடந்தவை மட்டும். என்னைப் போல எழுபதைத் தொட்டவர்களும் தாண்டியவர்களும்தான் இதைப் படிப்பீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்கேன் படங்களை ஜவுளிக்கடைப் பையில் போட்டு அலமாரியின் மேல்தட்டில் செருகி வைத்திருப்பவர்கள் நாம். ஆகவே, முடிவு வந்த பிறகும் ஒருவன் நான்கு நாள் போகாமல் இருந்தான் என்றால், பயந்துவிட்டான் என்று புரிந்துகொள்வீர்கள், மன்னித்தும் விடுவீர்கள். அந்த மன்னிப்பை நான் வாங்கிக்கொள்ள முடியாது. பயம் இருக்கிறது. ஆனால் நான் போகாததற்குக் காரணம் அது அன்று. இதே காரியத்தை ஒருமுறை, பத்து வயதில், இதே திண்டுக்கல்லில் செய்திருக்கிறேன். அப்போது நெறி கட்டியிருந்தது அக்காவின் கழுத்தில். அக்கா இந்தச் செப்டம்பரில் இறந்துபோனாள். நான் செய்ததை அவளிடம் சொல்லாமலே அறுபது ஆண்டுகள் கழித்திருக்கிறேன்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். அந்த ஆண்டு மதுரையில் விடுதியில் தங்கி ஆசிரியப் பயிற்சி படித்துக்கொண்டிருந்தாள். கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தவளை முற்றத்தில் உட்காரவைத்து அம்மா தலை சீவிக்கொண்டிருந்தாள். நடுவில் கை நின்றது. சீப்பு கூந்தலிலேயே தொங்கியது.

"என்னத்தா இது, கழுத்துல?"

"எது?"

"இந்தா, இங்கன. கொட்டை கொட்டையா."

"ஹாஸ்டல்ல கொசு கடிச்சிருக்கும்மா."

"கொசு கடிச்சா அரிக்கும். இது உள்ள உருளுது."

அக்கா என் கையைப் பிடித்துத் தன் கழுத்தில் வைத்தாள். "ஏலே, நீ எண்ணிச் சொல்லு. ஒனக்குத்தான் கணக்கு வரும்." வலப்பக்கம் மூன்று, இடப்பக்கம் ஒன்று. தோலுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு ஓடின. "கோலிக்குண்ட ஒளிச்சு வச்சிருக்கியா?" என்று கேட்டேன். அக்கா சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. உடனே எழுந்து போய்ச் சுண்ணாம்பும் கருப்பட்டியும் குழைத்துக் கொண்டுவந்து பத்துப் போட்டாள். அது காய்ந்து வெடித்துத் தோலைப் பிடித்து இழுத்தது. கிறிஸ்துமஸ் பூசைக்கு அக்கா, அந்த வெள்ளைப் பத்தை மறைக்க, அப்பாவின் அரக்கு நிற மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வந்தாள். புதுப் பாவாடை தாவணிக்கு மேல் ஓர் ஆண்பிள்ளை மஃப்ளர். கோயிலில் யாரோ கேட்டதற்குச் சளி என்றாள்.

ஜனவரியில் விடுதிக்குத் திரும்பவில்லை. அப்பா அவளை ஊரில் இருந்த ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஒரு நெறியை எடுத்து, புட்டியில் போட்டு மூடி, மதுரைக்கு அனுப்பினார்கள். அன்று மதியம் அடுப்படியில் அப்பா அம்மாவிடம் பேசியதைக் கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டேன்.

"ரெண்டுல ஒண்ணா இருக்கும்னு சொல்றாரு. ஒண்ணு காசம். அதுக்கு மருந்து வந்திருக்காம்."

"இன்னொண்ணு?"

அப்பா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்த பின்னும் செம்பை வாயிலிருந்து எடுக்காமல் நின்றார்.

அதற்குப் பிந்தைய வாரங்களைப் பற்றி உண்மையைச் சொல்வதானால், என் சிறுபிராயத்தில் அவற்றைப் போல இனிமையான காலம் வேறு இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். அப்பா உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பள்ளியில் ஒரு பிரம்பும் வீட்டில் ஒரு பிரம்பும் வைத்திருந்தார். வீட்டுப் பிரம்பு ஜனவரி முதல் வாரத்தில் அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது. அவர் வைத்தாரா, தானாக விழுந்ததா, தெரியாது. ஒருவரும் தேடவில்லை. மாலையில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொல்லவில்லை. அம்மா ஏனங்களைச் சத்தமில்லாமல் கவிழ்த்தாள். அதுவரை ஒருவர் பேச்சை ஒருவர் பாதியில் வெட்டியே பழகிய இருவரும், "நீங்க சாப்டீங்களா", "நீ சாப்டியா" என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டார்கள். அவர்கள் பயந்திருந்தார்கள். அதை நான் அன்பு என்று எடுத்துக்கொண்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய எனக்கு வெகுநாளாயிற்று. இப்போதும் முழுதாகத் தெரியும் என்று சொல்லமாட்டேன்.

அக்காவுக்கு நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டு ஒன்றும் அதே நிறக் குவளை ஒன்றும் ஒதுக்கப்பட்டன. அவற்றை நான் தொடக் கூடாது. நோயாளி என்பதால் அவளுக்கு பேக்கரியிலிருந்து ரொட்டி வந்தது. மெழுகுத்தாளைப் பிரித்ததும் எழும் அந்தப் புளித்த இனிப்பு மணம் எங்கள் வீட்டுக்குப் புதிது. நான்கேகாலுக்குப் பள்ளி விட்டு வருவேன். அக்கா கட்டிலில் உட்கார்ந்து ரொட்டியின் ஓரத்தைக் கிள்ளி உருட்டி, அறையின் மறுகோடியில் நிற்கும் என்னை நோக்கி எறிவாள்.

"தட்டுல கை வைக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க. காத்துல வர்றதப் புடிக்கக் கூடாதுன்னு சொல்லலையே. வாயத் தொற, காக்கா."

பத்தில் ஆறு பிடிப்பேன். ஒருமுறை மூக்கில் பட்டுத் தெறித்ததில் அக்கா சிரித்துச் சிரித்து, தையல் போட்ட இடத்தைக் கையால் பொத்திக்கொண்டு, "போதும்லே, பிச்சுக்கிரும்" என்றாள். கழுத்து நெறியில் வரும் காசம் தட்டின் வழியாகப் பரவாது என்பதைப் பிற்காலத்தில் படித்து அறிந்தேன். அந்தத் தட்டு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அம்மா இறந்தபின் வீட்டை ஒழித்தபோது தேடினேன், குவளைகூட அகப்படவில்லை.

முடிவை வெள்ளிக்கிழமை மாலை ஆஸ்பத்திரிச் சன்னலில் வந்து கேட்கச் சொல்லியிருந்தார்கள். பக்கச் சுவரில் கம்பி போட்ட சன்னல். கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் அரைவட்டத் திறப்பு. உள்ளே காக்கிச் சட்டையும் காதில் பென்சிலுமாக ஒருவர் இருப்பார். சன்னல்காரர் என்றே எல்லோரும் சொன்னார்கள். அப்பா என்னைத்தான் அனுப்பினார். "எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கு. சீட்டக் காட்டி, வந்திருச்சான்னு கேளு. குடுத்தா வாங்கிட்டு வா. அம்புட்டுத்தானே." அவருடைய பள்ளியிலிருந்து ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் பத்து நிமிடம்கூட ஆகாது.

முதல் வெள்ளிக்கிழமை பொங்கல் சமயம். "எல்லாம் பூட்டிக் கெடக்கு அப்பு. அடுத்த வாரம் வா" என்றார் சன்னல்காரர். வீட்டுக்கு வந்தபோது அப்பா வாசலிலேயே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஸ்பெஷல் கிளாஸ் இல்லை.

"வரலையாம்ப்பா."

"வரலையா? சரி. சரி."

ஏறு என்றார். என்னைக் குறுக்குக் கம்பியில் உட்காரவைத்து பேக்கரிக்கு ஓட்டிப் போய், அக்காவுக்கு ரொட்டியும் எனக்கு ஒரு கிரீம் பன்னும் வாங்கினார். வழியெல்லாம் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். அவர் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது. அப்பா பாடுவார் என்பது அன்றுதான் தெரியும்.

இரண்டாம் வெள்ளிக்கிழமை சன்னல்காரர் சீட்டைப் பார்த்ததும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"யாரு கூட வந்த?"

"நாந்தான்."

"வந்திருச்சு. ஆனா ஒங்கிட்டக் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவக் கூட்டிட்டு வா. நாளைக்கே வரச் சொல்லு, என்ன?"

பெரியவர்களை வரச்சொன்னால் நல்ல செய்தி இல்லை என்பது எனக்குத் தெரியாமலில்லை. பள்ளியில் என்னைப் பற்றிக் குறை சொல்லவும் அப்பாவைத்தான் வரச்சொல்வார்கள். திரும்பி நடந்தேன். மணிக்கூண்டைத் தாண்டும்வரை சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். தெரு திரும்பியதும் அப்பா சைக்கிளோடு நிற்பது தெரிந்தது. அவர் கேட்கவில்லை. முகத்தை மட்டும் சற்று உயர்த்தினார்.

"இன்னும் வரலையாம்" என்றேன்.

"சரி. சரி" என்றார். மறுபடியும் பேக்கரி.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்பதில் எனக்குக் குழப்பம் இருந்ததில்லை. அக்காவைக் காப்பாற்றவோ அப்பாவின் மனம் நோகாமல் இருக்கவோ சொல்லவில்லை. முடிவு நல்லதாக இருந்தால் அக்கா விடுதிக்குப் போய்விடுவாள். கெட்டதாக இருந்தால் வீடு அழும். எது வந்தாலும் அந்த வாரங்கள் முடிந்துவிடும். அவை முடியக் கூடாது என்று நான் விரும்பினேன்.

மூன்றாம் வெள்ளிக்கிழமை சன்னல் பக்கமே போகவில்லை. தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் திசையில் நடந்து, ஆவாரம்பட்டை ஊறிய செந்தண்ணீர் வாய்க்காலில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஐந்தரை வரை உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து, வரவில்லை என்றேன். அக்கா ரொட்டியைக் கிள்ளுவதை நிறுத்தி மூக்கைச் சுருக்கினாள்.

"தோல் ஷாப்புப் பக்கம் போனியாலே? சட்டையெல்லாம் நாறுது."

"இல்ல."

"நெசமாவே வரலையா?"

"வரல."

என்னைச் செத்த நேரம் பார்த்தாள். பிறகு, "வரலேன்னா நல்லதுதான். வாயத் தொற" என்றாள். அவளுக்குத் தெரிந்திருந்தது என்று எண்ணிக்கொள்ள இன்று எனக்கு ஆசையாக இருக்கிறது. அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. சட்டை நாறியது, கேட்டாள், அவ்வளவுதான்.

பிப்ரவரித் தொடக்கத்தில், தொண்டைக்குப் பாதுகாவலான புனிதரின் திருநாள் வந்தது. எங்கள் சபையில் அன்று பூசை முடிந்ததும் எல்லோரும் வரிசையில் போய் நிற்போம். சாமியார் இரண்டு மெழுகுதிரிகளைச் சிலுவையாகச் சிவப்பு நாடாவில் கட்டி, ஒவ்வொருவர் கழுத்திலும் கவடுபோல வைத்து, தொண்டை நோயிலிருந்தும் மற்ற எல்லாத் தீங்கிலிருந்தும் காக்கும்படி வேண்டுவார். அக்காவின் நெறிகள் அதற்குள் சற்று வற்றியிருந்தன. நெறி அப்படித்தான், தானாக வற்றும், தானாக வீங்கும். அம்மா அதைப் பத்தின் குணம் என்று நினைத்தாள். மிச்சத்தை மெழுகுதிரி பார்த்துக்கொள்ளும் என்று நம்பினாள்.

"மஃப்ளரக் கழட்டு. திரி தோல்ல படணும்."

"எல்லாரும் பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும். அவங்களுக்கும் கழுத்து இருக்குல்ல."

அக்கா கழற்றினாள். தையலின் தழும்பு இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. சாமியார் திரியை வைத்து, வழக்கத்தைவிட நீளமாகவே வேண்டினார். அடுத்தது நான். குளிர்ந்த மெழுகு இரண்டு பக்கமும் படிந்தது. தேன்மெழுகின் மணம். "ஒனக்கு என்னடா தொண்டையில? வீட்டுல ரொம்பக் கத்துறியா?" என்று கிண்டலாகக் கேட்டார். இல்லை என்று தலையாட்டக்கூட முடியவில்லை. ஆட்டினால் திரி நழுவும். என் தொண்டையில் பொய் இருந்தது. அதைக் கொண்டுபோய்த்தான் அந்தத் திரிகளுக்கு நடுவில் வைத்திருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியில் அம்மா, "அவ்வளவுதான். போயிருச்சு. சீட்டு வந்தா என்ன, வராட்டி என்ன" என்றாள்.

நான்காம் வெள்ளிக்கிழமை சன்னலுக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை.

"ஏலே, எங்க ஒங்கப்பா? சொன்னியா இல்லியா?"

"ஊருக்குப் போயிருக்காரு."

"எந்த ஊருக்கு?"

"நெய்க்காரப்பட்டிக்கு." எனக்குச் சட்டென்று வாயில் வந்த, பழனிப் பக்கத்து ஊர் அது. அங்கே அப்போது எங்களுக்கு யாரும் இல்லை.

"வந்ததும் மொத வேலையா வரச் சொல்லு. வெளையாட்டுக் காரியம் இல்ல அப்பு." பென்சிலைக் காதிலிருந்து எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். ஐந்தாவது வாரமும் ஆறாவது வாரமும் நான் போகவில்லை. வீட்டிலும் ஒப்புக்குத்தான் கேட்டார்கள்.

தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதன் கழிந்த ஞாயிற்றுக்கிழமை, கோயில் வாசலில் ஆஸ்பத்திரி நர்சம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார். "வாத்தியார் வீட்டம்மாதானே? மகள எப்பக் கூட்டியாரப் போறீங்க? ஒரு மாசத்துக்கு மேல சீட்டுக் கெடக்கு!"

"வாராவாரம் வரல வரலன்னுல்ல சொல்லி அனுப்புறாங்க!" என்றாள் அம்மா. அவள் கை என் தோளில் இருந்தது. அந்தக் கை என்னைச் சந்தேகிக்கவில்லை. இன்னும் இறுக்கித் தன்னோடு அணைத்துக்கொண்டது.

மறுநாள் காலை அப்பா பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னைச் சாட்சியாகக் கூட்டிக்கொண்டு போனார். கம்பிக்கு அந்தப் பக்கம் சன்னல்காரர் எழுந்து நின்றார்.

"எம் மகன் ஆறு வெள்ளிக்கிழமை வந்திருக்கான். ஆறு தடவையும் இல்லன்னு சொல்லி அனுப்பியிருக்க. ஒரு பொம்பளப் புள்ள உசுரு ஒனக்கு வெளையாட்டாப் போச்சா?"

சன்னல்காரர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். அப்பா குரலைத் தாழ்த்தி, "ஒம் மகன் ஏழாம் வகுப்புல எங்கிட்டத்தானே படிக்கிறான்?" என்று கேட்டார். சன்னல்காரரின் கை மேசையிலிருந்து இறங்கியது.

"கவனப்பிசகாப் போச்சு சார். மன்னிச்சுக்கங்க."

ஒரு பெரியவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றினார் என்று அன்று நம்பினேன். நெடுங்காலம் அவரைக் கருணையுள்ள மனிதர் என்றே நினைவில் வைத்திருந்தேன். நானே கற்பிக்கும் வேலைக்கு வந்து, மாணவர்களின் தகப்பன்மார் எப்படி நம் முன்னால் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்த பிறகுதான் அது கருணை அன்று, பயம் என்று விளங்கிற்று. அப்பா மிரட்ட நினைத்துக் கேட்டாரா என்றுகூட எனக்கு உறுதியில்லை. நான் பேசியிருக்கலாம். பேசாமல் அப்பாவின் வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஜூனில் நான் அப்பாவின் பள்ளியில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தேன். சன்னல்காரரின் மகன் அப்போது எட்டாம் வகுப்பு. தண்ணீர்த் தொட்டியருகே ஒருநாள், என்னிடம் எந்த வன்மமும் இல்லாமல், சேதி போலச் சொன்னான்: "எங்கப்பாவ இப்பத் துணி வெளுக்குற எடத்துக்கு மாத்திட்டாங்கடா. சோடாவுல கையெல்லாம் அரிச்சுப் போச்சு." நான் தண்ணீர் குடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன்.

முடிவில் எழுதியிருந்தது காசம்தான். மருந்து இருந்த நோய். ஆனால் சீட்டை வாங்கிய வாரத்திலேயே நெறிகள் மறுபடி வீங்கி, தவக்காலத்தின் நடுவில் வலப்பக்கம் உடைந்து புண்ணாயிற்று. தினமும் ஊசி. கொதிக்கும் நீரில் கண்ணாடிக் குழாய் கிணுகிணுக்கும் ஓசை இப்போதும் என் காதில் இருக்கிறது. சீட்டு வந்த அன்றே தொடங்கியிருந்தால் உடைந்திருக்காதா என்று அப்பா டாக்டரிடம் கேட்டார். "அஞ்சு வாரத்துல என்ன ஆயிருக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது சார்" என்றார் அவர். அந்த வாக்கியத்துக்குள் நான் பல ஆண்டுகள் குடியிருந்திருக்கிறேன். யாராலும் சொல்ல முடியாது என்பது உண்மை. என்னாலும் முடியாது என்பதே அதில் எனக்குக் கிடைத்த தண்டனை.

அக்கா பயிற்சிப் பள்ளிக்குத் திரும்பவில்லை. இப்படிப்பட்ட நோய் வந்தவளை விடுதியில் சேர்க்க மாட்டோம் என்று எழுதிவிட்டார்கள். வெள்ளைச் சாயத்தில் அவள் பெயர் எழுதிய தகரப்பெட்டி ஒன்று ஜூனில் பேருந்தின் கூரையில் ஏறி வந்து சேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவளைக் கொடுத்த இடம் நெய்க்காரப்பட்டி. நான் பொய்க்காகச் சொன்ன ஊரிலேயே அவள் ஐம்பதாண்டுக்கு மேல் வாழ்ந்தாள் என்பது தற்செயல். அதில் எந்தப் பொருளும் தேடக் கூடாது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். தென்னந்தோப்பு, மாடு, ஒரே மகள். சேலைத் தலைப்பை வலப்பக்கக் கழுத்துவரை ஏற்றி ஊக்குப் போட்டுக்கொள்வாள். கோடையிலும் அப்படித்தான்.

அப்பாவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறு வெள்ளிக்கிழமையிலும் அவர் ஒருமுறைகூட, "என்ன சொல்லி வரலன்னாங்க?" என்று கேட்கவில்லை. வகுப்பில் ஒரு விடைக்கு மூன்று வழி கேட்பவர். பத்து நிமிடத் தொலைவில் இருந்த சன்னலுக்குப் பத்து வயதுப் பையனை அனுப்பியது, அந்தப் பையன் "வரல" என்று சொல்வான் என்பதற்காகவோ என்னவோ. நான் சொன்ன பொய் அவருக்கும் வேண்டியிருந்தது. இதைச் சொல்வதால் என் பங்கு குறையாது. அவர் கேட்காமல் இருந்தார். நான் பொய் சொன்னேன். இரண்டும் ஒன்றல்ல.

சொல்லியிருக்கக்கூடிய தருணங்கள் நிறைய வந்தன. அக்காவின் கல்யாணத்தன்று, அப்பாவை அடக்கம் செய்த அன்று, ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் மனைவி போனபோது அக்கா வந்து பதினைந்து நாள் என்னோடு தங்கி எனக்குச் சமைத்துப்போட்ட ஒவ்வொரு நாளும். கடைசியாக இந்த ஆகஸ்டில் அவள் தோப்பில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாய்வரை வந்தது. "என்னடா மொகம் ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள். வெயில் என்றேன். அடுத்த மாதம் மாரடைப்பு. பழைய காசத்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை என்று மருத்துவர் எழுதிய தாளை நான் இரண்டு முறை படித்தேன்.

அடக்கம் முடிந்தபின் அக்காவின் மகள் என்னை அதிகம் அழைக்கவில்லை. அவளுக்கு அவள் வேலை. என் கழுத்தில் நெறி கட்டியது தெரிந்த நாளிலிருந்து தினமும் மாலை ஏழு மணிக்கு அழைக்கிறாள். அவள் குரல் அவள் அம்மாவின் குரல். பேச்சில் மட்டும் பழனிப் பக்கத்து இழுப்பு. என்ன சாப்பிட்டேன், தையல் வலிக்கிறதா, தலையணையை உயர்த்தி வைத்தேனா என்று கேட்பாள். முடிவு நல்லதென்றால் இந்த அழைப்புகள் வாரத்துக்கொன்று, மாதத்துக்கொன்று என்று ஆகிவிடும். கெட்டதென்றால் அந்தக் குரல் மாறிவிடும். அதனால்தான் இன்னும் வரவில்லை என்றேன். பத்து வயதில் செய்ததையே செய்திருக்கிறேன். இடையில் படித்த படிப்பெல்லாம் இதில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

இன்று மாலை ஏழு மணிக்கும் அழைத்தாள்.

"சாப்டீங்களா மாமா? ரிப்போர்ட்டு வந்துதுங்களா?"

"இன்னும் இல்லம்மா."

"அதெப்படிங்க? பத்து நாளுன்னாங்க, பதினாலு நாளாச்சு! நாளைக்குக் காலைல பஸ்ஸப் புடிச்சு நானே வந்தர்றனுங்க. அங்க கவுண்டருல ஒரு புள்ள உக்காந்திருக்குமல்லங்க? அதைய நாலு பேரு முன்னாடி நறுக்குன்னு கேட்டாத்தான் சரிப்படும். வயசானவங்கள இப்படியா இழுத்தடிக்கறது?"

"வேண்டாம்மா."

"நீங்க சும்மா இருங்க மாமா. நீங்க கேக்க மாட்டீங்க. நான் கேக்கறேன்."

போனை வைத்துவிட்டாள். அந்த ஆய்வகத்துப் பெண்ணை நான் ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன். இருபத்திரண்டு வயது இருக்கும். என் பெயரை எழுதும்போது எழுத்து சரியா என்று கேட்டாள். அவள் எழுந்து நிற்பதை நினைத்துப் பார்த்தேன். கால் மணி நேரம் ஆயிற்று. பிறகு நானே அழைத்தேன்.

"அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லிராத. அது இருபத்திநாலாம் தேதியே போன் பண்ணிருச்சு. நாந்தான் போகல."

மறுமுனையில் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அதை யாரோ நிறுத்தினார்கள்.

"அப்பறம் ஏனுங்க மாமா, தினமும் நான் கேக்கறப்ப எல்லாம் வரலேன்னீங்க?"

"நீ வா. சொல்றேன்."

"என்னங்க சொல்லப் போறீங்க?"

"ஒங்கம்மாவப் பத்தி."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். வைக்கவில்லை. "இட்லி கொண்டாரனுங்க. வெறும் வயித்தோட போகோணுமா?" என்று கேட்டாள்.

"தெரியல."

"கேட்டு வையுங்க" என்றாள். அவள் குரல் மாறியிருந்தது.

செய்யாமல் விட்டிருப்பவை:

ஆய்வகத்தை அழைத்து, நாளை வருகிறோம் என்று சொல்வது. வெறும் வயிற்றோடு வர வேண்டுமா என்று கேட்பது.

அக்காவின் கல்லறைக் கல்லுக்கு ஒரு வரி எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டது. இரண்டு மாதமாகிறது.

சன்னல்காரரின் மகனைத் தேடுவது. இருந்தால் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

அக்கா மகளின் கேள்விக்குப் பதில் சொல்வது. முடிவை வாங்குவதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். வாங்கிய பிறகு சொன்னால், அதில் மோசமாக ஏதும் எழுதியிருந்தால், என்னை மன்னிப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இருக்காது. அவள் வரும் பேருந்து ஒன்பதரைக்கு வந்து சேரும். ஆய்வகம் பத்து மணிக்குத் திறக்கிறது.